அடித்த கோடும் அழியாத எழுத்தும்

“ஐயா, அவர் மரத்தை வெட்டியதை யார் பார்த்தார்கள்?”

வகுப்பறையின் பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் நம்மை நோக்கித் தொடுத்த வினா இது. அன்றைய பாடம், வாய்மையின் மேன்மை. எடுத்துக்காட்டாக நாம் கூறியது, பல நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளும் கேட்டு வளர்ந்த ஒரு கதை. ஜார்ஜ் வாஷிங்டன் ஆறு வயதுச் சிறுவன். கையிலே புதிதாகக் கிடைத்த சிறு கோடரி. தோட்டத்திலே தந்தை அருமையாக வளர்த்த செர்ரி மரம். கோடரி மரத்திலே பாய்ந்தது. தந்தை சினந்தார்; யார் செய்தது என்று வினவினார். சிறுவன் பொய் சொல்லவில்லை; தான்தான் என்றான். தந்தை மகனை மார்போடு அணைத்துக்கொண்டார். அந்தச் சிறுவன்தான் வளர்ந்து அமெரிக்க நாட்டின் முதல் குடியரசுத் தலைவரானான் என்று கூறிப் பாடத்தை முடித்தோம். மணி அடிக்க வேண்டியதுதான் பாக்கி. அப்போதுதான் அந்த வினா!

தந்தை பார்க்கவில்லை, பார்த்திருந்தால் கேட்டிருக்க மாட்டார். மகன் எங்கும் எழுதி வைக்கவில்லை. பிறகு யார்? நாம் விழித்தோம். நாளைக்கு விடை கூறுவதாகச் சொல்லி வகுப்பை விட்டு வெளியே வந்தோம். நூலகம் நுழைந்தோம், ஏடுகளைப் புரட்டினோம். விடை கிடைத்தது. ஆனால் அது மரத்தோடு நிற்கவில்லை. ஒரு நாடு தன்னைப் பற்றிக் கூறிக்கொள்ளும் கதைக்கும், அந்நாட்டின் பெட்டகத்திலே உறங்கும் ஏட்டுக்கும் இடையே எத்துணைத் தொலைவு இருக்கிறது என்பதைக் காட்டிற்று. கண்டதைத் தோழர்களிடம் கூறவே இக்கட்டுரை.

முளைத்த மரம்

வாஷிங்டன் 1799 டிசம்பர் 14-ஆம் நாள் மறைந்தார். நாடு துயரில் ஆழ்ந்தது. அந்தத் துயரிலே வணிகத்துக்கு வழி கண்டார் ஒருவர். அவர் பெயர் மேசன் லாக் வீம்ஸ். மத போதகர்; போதித்த நேரம் போக, புத்தகங்களைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகச் சென்று விற்றவர். வாஷிங்டனைப் பற்றிப் படிக்க மக்கள் ஏங்கி நிற்கின்றனர் என்று பதிப்பாளருக்கு எழுதினார். 1800-லேயே அவர் தீட்டிய வாஷிங்டன் வரலாறு விற்பனைக்கு வந்தது.

அந்த நூலில் செர்ரி மரம் இல்லை! பதிப்புகள் பெருகின, கதைகளும் பெருகின. 1806-ல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பில்தான் மரம் முளைத்தது! சான்று? பெயர் குறிக்கப்படாத ஒரு மூதாட்டி, வாஷிங்டன் குடும்பத்துக்குத் தூரத்து உறவாம், அவர் சொன்னாராம். வீம்ஸ் எழுதியபடி பார்த்தாலும், மரம் வெட்டி வீழ்த்தப்படவில்லை, பட்டைதான் சிதைந்தது. பின்னால் வந்தவர்கள் சொல்லச் சொல்ல, மரமும் சாய்ந்தது! பள்ளிப் பாடநூல்களில் புகுந்தது, கடல் கடந்தது, நம் வகுப்பறைக்கும் வந்து சேர்ந்தது.

வாய்மையைக் கற்பிக்க, வாய்மைக்குச் சான்றில்லாத ஒரு கதை! பொய் சொல்லாதே என்று பிள்ளைகளுக்குக் கூற, புனைந்துரை ஒன்று தேவைப்பட்டது!

கதையை ஒதுக்கி வைத்துவிட்டு ஏட்டைப் பார்ப்போம். வாஷிங்டனின் தந்தை அகஸ்டின் 1743-ல் இறந்தார். ஜார்ஜுக்கு அப்போது வயது 11. தந்தை விட்டுச் சென்ற சொத்தில் மகனுக்கு நிலம் வந்தது; நிலத்தோடு பத்து அடிமைகளும் வந்தனர். கதை, ஆறு வயதுச் சிறுவன் கையிலே ஒரு கோடரியைக் கொடுத்தது. ஆவணமோ, பதினோரு வயதுச் சிறுவன் கையிலே பத்து மனிதர்களைக் கொடுத்தது! எது அந்த மனிதரைப் பற்றி நமக்குக் கூடுதலாகச் சொல்கிறது? எதைப் பள்ளியிலே படித்தோம்?

வாஷிங்டனைத் தாழ்த்துவதற்காக இதைக் கூறவில்லை. அவர் பெருமைக்கு வீம்ஸின் மரம் தேவையில்லை. அவருடைய கடிதங்களே போதும். ஆனால் பெருமையைக் காட்டும் அதே பெட்டகம் சிறுமையையும் காட்டும். இரண்டையும் பார்க்கத் துணிந்தவனே வரலாறு படிக்கிறான். ஒன்றை மட்டும் பார்ப்பவன் தோத்திரம் படிக்கிறான்.

முடியைச் சாய்த்த சிறுநூல்

அமெரிக்க விடுதலையின் ஏடுகளிலே முதலில் எடுக்க வேண்டியது ஒரு சிறு வெளியீடு. ஐம்பது பக்கங்களுக்கும் குறைவானது. பெயர், ‘காமன் சென்ஸ்’ — எவருக்கும் இயல்பாக உள்ள அறிவு என்று பொருள். 1776 ஜனவரி 10-ல் பிலடெல்பியா நகரிலே வெளிவந்தது. எழுதியவர் பெயர் அதிலே இல்லை. தாமஸ் பெயின் என்பது பிறகுதான் தெரிந்தது.

யார் அந்தப் பெயின்? பிரபு அல்ல, பெரும் பண்ணையாளரும் அல்ல. இங்கிலாந்தில் தெட்போர்டு என்ற ஊரிலே 1737-ல் பிறந்தவர். தந்தை மகளிர் அணியும் கச்சை தைக்கும் தொழிலாளி. மகனும் அதே தொழிலைச் செய்தார். பிறகு ஆயத்துறையிலே சிற்றலுவல், அதிலிருந்தும் விலக்கப்பட்டார். 1774-ன் இறுதியில், பெஞ்சமின் பிராங்க்ளின் தந்த அறிமுகக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அமெரிக்கக் கரையிலே வந்திறங்கினார். பதினான்கு திங்கள்கூட ஆகவில்லை. ஒரு பேரரசையே அசைத்துவிட்டார், பேனா முனையால்!

அன்றைய நிலை என்ன? 1775 ஏப்ரலிலேயே லெக்சிங்டனில் துப்பாக்கி முழங்கிவிட்டது, குருதி கொட்டிவிட்டது. ஆயினும் 1775 ஜூலையில், பதின்மூன்று குடியேற்ற நாடுகளின் காங்கிரஸ் பேரவை, இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜுக்குப் பணிவான விண்ணப்பம் ஒன்றை அனுப்பிற்று! மன்னர் நல்லவர், அமைச்சர்கள்தாம் கெட்டவர்கள் — இது மக்களிடையே ஊறிப்போயிருந்த எண்ணம். மன்னரோ அந்த விண்ணப்பத்தைப் பெற்றுக்கொள்ளவும் மறுத்தார்.

பெயின் அமைச்சர்களோடு நிற்கவில்லை. மன்னர் என்ற நிலையையே கேள்விக் கூண்டில் ஏற்றினார். ஒருவன் மகனாகப் பிறந்ததனாலேயே ஆளும் தகுதி வந்துவிடுமா? அரச மரபுகளின் மூலத்தைத் தேடிச் சென்றால், முதலாவது மன்னன் என்பவன் ஏதோ ஒரு கொள்ளைக் கூட்டத்தின் தலைவனாகத்தானே இருந்திருப்பான்? இப்படிக் கேட்டார். கேட்ட முறை எளிது. நடை, கருமான் பட்டறையிலும் சத்திரத்திலும் உரக்கப் படித்தால் விளங்கும் நடை. படிக்கத் தெரிந்தவன் படித்தான், தெரியாதவன் கேட்டான். மன்னருக்கு மனுப்போட்ட நாடு, ஆறே திங்களில் மன்னரை மறுத்தது.

நீக்கப்பட்ட பத்தி

1776 ஜூன் 11. விடுதலைப் பிரகடனம் வரைய ஐவர் குழு அமைக்கப்பட்டது. தாமஸ் ஜெபர்சன், ஜான் ஆடம்ஸ், பெஞ்சமின் பிராங்க்ளின், ரோஜர் ஷெர்மன், ராபர்ட் லிவிங்ஸ்டன். எழுதும் பணி ஜெபர்சனுக்கு. அவருக்கு வயது 33. பிலடெல்பியாவிலே ஒரு வீட்டின் மாடியில் வாடகைக்கு இருந்தார். அங்கே அமர்ந்து எழுதினார்.

மனிதர் அனைவரும் நிகராகப் படைக்கப்பட்டனர். வாழ்வும் விடுதலையும் இன்பம் நாடலும் அவர்களின் பிறப்புரிமை. அந்த உரிமைகளைக் காக்கவே அரசு. காக்கத் தவறிய அரசை மாற்றும் உரிமை மக்களுக்கு உண்டு. இதுவே பிரகடனத்தின் உயிர்நாடி. மன்னர்கள் கோலோச்சிய உலகிலே இது இடி முழக்கம்!

அந்த இடி முழக்கம் எழுதப்பட்ட நாட்களில் ஜெபர்சனுக்கு உடனிருந்து பணிவிடை செய்தவன் யார்? ராபர்ட் ஹெமிங்ஸ் என்னும் சிறுவன், வயது 14, ஜெபர்சனின் அடிமை! எஜமானர் மேசையிலே ‘அனைவரும் நிகர்’ என்று எழுதுகிறார். அவருடைய உடையைத் தேய்த்து மடித்து வைக்கிறான், விலை மதிப்புக் குறிக்கப்பட்ட ஒரு மனிதப் பிறவி!

ஜெபர்சன் இந்த முரணை உணராதவரா? இல்லை. உணர்ந்தவர் என்பதற்கு அவர் கைப்பட எழுதிய முதல் வரைவே சான்று. அடித்தலும் திருத்தலும் நிறைந்த அந்தத் தாள்கள் வாஷிங்டன் நகரத்துக் காங்கிரஸ் நூலகத்தில் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. அதிலே, மன்னர் மீது சாட்டப்பட்ட குற்றங்களின் வரிசையில், ஒரு நீண்ட பத்தி: தமக்கு எந்தத் தீங்கும் செய்யாத தொலைநாட்டு மக்களைப் பிடித்து, கடல் கடத்தி, அடிமைகளாக விற்கும் கொடிய வாணிபத்தை மன்னர் ஆதரித்தார், அதைத் தடுக்க முயன்ற சட்டங்களையும் தடுத்தார் என்று சீறுகிறது அந்தப் பத்தி.

காங்கிரஸ் பேரவை ஜூலை 2 முதல் 4 வரை வரைவை வரி வரியாக ஆராய்ந்தது. ஏறத்தாழக் கால் பங்கு வெட்டப்பட்டது. அந்தப் பத்தியும் வெட்டப்பட்டது! தென் கரோலினாவும் ஜார்ஜியாவும் அதை விரும்பவில்லை என்று ஜெபர்சன் தம் முதுமையில் தன்வரலாற்றில் எழுதினார். வடபுலத்தாருக்கும் அது சுட்டது என்றார்; ஏனெனில் அவர்களிடம் அடிமைகள் குறைவு என்றாலும், அடிமைகளை ஏற்றி வந்த கப்பல்கள் பல அவர்களுடையவை!

ஜூலை 4 இரவு அச்சகத்தார் ஜான் டன்லப் பிரகடனத்தை அச்சிட்டார். ஊர் ஊராகச் சென்றது, சதுக்கங்களிலே படிக்கப்பட்டது, மணிகள் ஒலித்தன. அன்று அந்த நாடுகளில் வாழ்ந்தோரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் அடிமை. அவர்களைப் பற்றிய பத்தி மேசையிலேயே தங்கிவிட்டது.

அந்தப் பத்தி இருந்திருந்தால் அடிமைத்தனம் அன்றே ஒழிந்திருக்குமா? அப்படிக் கூறுவதற்கில்லை. அந்தப் பத்தியிலும் ஒரு வளைவு இருந்தது: குற்றமெல்லாம் மன்னருக்கு, வாங்கிய பண்ணையாருக்குப் பங்கில்லை! தம் பக்கம் வந்து போரிடும் அடிமைகளுக்கு விடுதலை என்று மன்னரின் ஆளுநர் அறிவித்ததையும் அதே பத்தி குற்றமாகச் சாட்டியது! எழுதியவரோ தம் வாழ்நாளில் அறுநூறுக்கு மேற்பட்ட அடிமைகளை உடைமையாக வைத்திருந்தவர். எனினும், அந்த வரிகள் நின்றிருந்தால், நாட்டின் பிறப்பேட்டிலேயே அது குற்றம் என்று பதிவாகியிருக்கும். பிறகு வந்தவர்கள் அதைக் காட்டி வாதாடியிருப்பார்கள். அந்த வாய்ப்பைத்தான் ஒரு கோடு அடித்துச் சென்றது.

இன்னொரு கடிதமும் அதே ஆண்டைச் சேர்ந்தது. 1776 மார்ச் 31-ல் அபிகேல் ஆடம்ஸ், பேரவையில் இருந்த தம் கணவர் ஜான் ஆடம்ஸுக்கு எழுதினார்: புதிய சட்டம் செய்யும்போது பெண்களை மறவாதீர், கணவன்மார் கையிலே எல்லையற்ற அதிகாரத்தைக் கொடுத்துவிடாதீர் என்று. கணவர் விடை எழுதினார், நகைத்து எழுதினார்! மன்னனின் கொடுமையை எதிர்த்தவருக்கு, வீட்டிலிருந்து வந்த அதே நியாயம் வேடிக்கையாகப் பட்டது.

சொல் இல்லாச் சட்டம்

1787 மே 25 முதல் செப்டம்பர் 17 வரை, மீண்டும் பிலடெல்பியா. 55 பிரதிநிதிகள் கூடினர், கதவுகள் சாத்தப்பட்டன, வாஷிங்டன் தலைமை ஏற்றார். அரசியல் சட்டம் உருவாயிற்று. அந்தக் கூட்டத்தில் நடந்ததை நாம் அறிவது, ஜேம்ஸ் மாடிசன் என்பார் நாள்தோறும் அமர்ந்து எழுதிய குறிப்புகளால். அவர் வாழ்ந்தவரை அவை முழுமையாக வெளிவரவில்லை. அவர் மறைந்த பின், 1840-ல்தான் அச்சேறின.

அந்தச் சட்டத்தை ஒருமுறை முழுதும் படித்துப் பாருங்கள். ‘அடிமை’ என்ற சொல் எங்கும் கிடையாது! அப்படியானால் அடிமைத்தனம் கிடையாதா? உண்டு, மூன்று இடங்களில் உண்டு. மக்கள் தொகையைக் கணக்கிடும்போது, சுதந்திர மனிதர்களோடு ‘மற்றவர்’களில் ஐந்தில் மூன்று பங்கைச் சேர்க்க வேண்டும் என்கிறது, அந்த ‘மற்றவர்’ அடிமை. ‘இத்தகையோர்’ வந்திறங்குவதை 1808-க்கு முன் காங்கிரஸ் தடுக்கக் கூடாது என்கிறது; அந்த ‘இத்தகையோர்’ அடிமை. தப்பியோடிய ‘ஊழியக் கடப்பாடு உடையோரை’ உரியவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்கிறது, அவரும் அடிமை.

சொல்லை ஏன் மறைத்தார்கள்? மாடிசன் குறிப்பே விடை தருகிறது. மனிதன் மனிதனுக்குச் சொத்தாக இருக்க முடியும் என்ற கருத்துக்கு அரசியல் சட்டத்தில் இடம் தருவது தவறு என்று அவர் பேசினார். பேசிய மாடிசனே அடிமைகளை உடையவர்! சொல்லைத் தள்ளினார்கள், பொருளை வைத்துக்கொண்டார்கள். நாணம் நாவைக் கட்டிற்று. ஆனால் கையைக் கட்டவில்லை.

கையை நீட்டிக் கேட்டவர் முதியவர் பிராங்க்ளின். அச்சுக்கோத்து வாழ்வைத் தொடங்கியவர்; முன்னாளில் அடிமைகளை வைத்திருந்தவர்; முதுமையில் மனம் மாறியவர். 1790 பிப்ரவரியில், பென்சில்வேனிய அடிமை ஒழிப்புச் சங்கத் தலைவராகக் காங்கிரசுக்கு ஒரு மனுவில் கையெழுத்திட்டார். ஜார்ஜியப் பிரதிநிதி ஒருவர் கொதித்தெழுந்து, அடிமைத்தனம் தேவை, அது அடிமைகளுக்கே நலம், வேதமும் அதை ஏற்கிறது என்றெல்லாம் பேசினார். பிராங்க்ளின் என்ன செய்தார்? நோய்ப்படுக்கையிலிருந்து ஒரு நையாண்டி எழுதினார். அல்ஜீரிய நாட்டு முஸ்லிம் தலைவர் ஒருவர் முன்னொரு காலத்தில் பேசியதாக ஒரு கற்பனைப் பேச்சு. கிறித்தவர்களைப் பிடித்து அடிமையாக்குவது நியாயமே; அவர்கள் இல்லாவிட்டால் நம் நிலத்தை யார் உழுவது? அவர்களுக்கு இங்கே நல்ல வாழ்வுதானே? நம் வேதமும் இடம் தருகிறதே! — அதே வாதங்கள், ஆள் மட்டும் மாறி! படித்தவர் நகைத்தனர், நகைத்தபின் நாணினர். 1790 ஏப்ரல் 17-ல் பிராங்க்ளின் மறைந்தார். அச்சுக்கூடத் தொழிலாளியின் கடைசி அம்பு அது. காங்கிரசோ, 1808-க்கு முன் தனக்கு அதிகாரமில்லை என்று கூறி மனுவை மடித்து வைத்தது.

மறுத்த முடியும் மறைத்த மடலும்

இப்போது மீண்டும் வாஷிங்டன். 1782-ல் லூயி நிக்கோலா என்ற படை அதிகாரி, தாங்கள் மன்னராகலாமே என்ற கருத்தில் அவருக்கு எழுதினார். வாஷிங்டன் அன்றே சினந்து மறுத்தெழுதினார். அந்த மடல் இருக்கிறது. போர் முடிந்தது. வென்ற படைத்தலைவன் அரியணை ஏறுவதுதான் அதுவரை உலகம் கண்ட வழக்கம். அவரோ 1783 டிசம்பர் 23-ல் அன்னாபொலிஸ் நகரிலே காங்கிரஸ் பேரவை முன் நின்று, படைத்தலைமையைத் திருப்பித் தந்துவிட்டு, வீடு திரும்பினார். 1789-ல் குடியரசுத் தலைவரானபோது, அவரை எப்படி அழைப்பது என்று மேலவையில் வாரக் கணக்கில் வாதம்! ‘மாட்சிமை மிக்க’ என்ற தொனியிலே நீண்ட பட்டங்களை அடுக்கினர் சிலர். ஜான் ஆடம்ஸும் அந்தப் பக்கமே. கீழவை ஒப்பவில்லை. ‘திருவாளர் தலைவர்’ என்ற பொருள் தரும் எளிய விளிப்பே நிலைத்தது. இரு முறை பதவி வகித்தபின், 1796 செப்டம்பரில் ஒரு நாளேட்டின் வாயிலாக விடைபெறும் உரையை வெளியிட்டு விலகினார். இவை கதையல்ல, ஏடு. இந்த ஏடுகளுக்கு முன்னே நாம் தலை வணங்குகிறோம்.

ஆனால் அதே பெட்டகத்திலே இன்னொரு மடலும் இருக்கிறது. அப்போது தலைநகர் பிலடெல்பியா. பென்சில்வேனியாவின் 1780-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளியூரார் கொண்டுவரும் அடிமைகள் அங்கே ஆறு திங்கள் தங்கினால் விடுதலை கோரலாம். குடியரசுத் தலைவர் வீட்டு அடிமைகளை, அந்தக் கெடு முடியுமுன் மாநில எல்லைக்கு வெளியே அனுப்பி மீட்டழைக்க ஏற்பாடு. 1791 ஏப்ரல் 12-ல் வாஷிங்டன் தம் செயலாளர் டோபியஸ் லியருக்கு எழுதினார்: அடிமைகளும் அறியாமல், பொதுமக்களும் அறியாமல், ஏதேனும் சாக்குச் சொல்லி, இருவரையும் ஏமாற்றும் வகையில் இதை முடிக்க வேண்டும் என்று!

தோழர்களே! பொய் சொல்லத் தெரியாத சிறுவன் என்று உலகம் கொண்டாடிய அதே மனிதரின் கையெழுத்து இது! மரத்தின் கதைக்குச் சான்று இல்லை. இந்த மடலுக்கோ சான்று அவர் கைதான்.

1796 மே திங்களில் ஓனா ஜட்ஜ் என்ற இளம்பெண் அந்த வீட்டிலிருந்து தப்பினாள். வாஷிங்டன் குடும்பம் உணவருந்திக்கொண்டிருந்த வேளை அது. தன்னை எஜமானியின் பேத்திக்குக் கொடுக்கப் போகிறார்கள் என்று அறிந்ததும் துணிந்தாள். பிடித்துத் தருவோருக்குப் பத்து டாலர் என்று செய்தித்தாளிலே விளம்பரம் வந்தது. விடைபெறும் உரையும் ஒரு செய்தித்தாளில்; விளம்பரமும் ஒரு செய்தித்தாளில்; இரண்டும் ஒரே நகரம், ஒரே ஆண்டு! நியூ ஹாம்ப்ஷயர் சென்றடைந்தாள். ஆள் அனுப்பியும் அவள் பிடிபடவில்லை. 1848-ல் இறக்கும்வரை சுதந்திரப் பெண்ணாகவே வாழ்ந்தாள், ஏழ்மையில் வாழ்ந்தாள், ஆனால் முதுமையில் தன் வரலாற்றைத் தானே கூறிச் செய்தித்தாளில் பதிவு செய்தாள்.

வாஷிங்டன் கதை அதோடு முடிந்ததா? இல்லை. 1799 ஜூலையில் தம் கையால் உயில் எழுதினார். தமக்கு உரிய 123 அடிமைகளும், தம் மனைவியின் காலத்துக்குப் பின் விடுதலை பெற வேண்டும். முதியோர்க்கு உணவும் உடையும் தர வேண்டும். ஆதரவற்ற பிள்ளைகளுக்கு எழுத்தறிவு புகட்ட வேண்டும் என்று விதித்தார். வில்லியம் லீ என்ற தம் பணியாளுக்கு உடனடி விடுதலை தந்தார். 1801 ஜனவரி முதல் நாளே மனைவி மார்த்தா அவர்களை விடுவித்தார். மனைவி வழி வந்த ஏனைய அடிமைகளை விடுவிக்கச் சட்டம் இடம் தரவில்லை. காலம் கடந்துதான், ஆயினும் ஜெபர்சன் செய்யாததை வாஷிங்டன் செய்தார்.

ஜெபர்சனிடம் நேருக்கு நேர் கேட்டவரும் உண்டு. பெஞ்சமின் பானேக்கர், மேரிலாந்தில் வாழ்ந்த சுதந்திரக் கறுப்பர். வானியலைத் தாமே கற்றுப் பஞ்சாங்கம் கணித்தவர். 1791 ஆகஸ்டில் அதன் கைப்படியோடு ஒரு கடிதம் அனுப்பினார். அனைவரும் நிகர் என்று எழுதிய நீங்களே எம் இனத்தாரை அடிமையாக வைத்திருப்பது எங்ஙனம் பொருந்தும் என்று பணிவோடு, ஆனால் வளையாமல் கேட்டார். ஜெபர்சன் மரியாதையாக விடை எழுதினார். பஞ்சாங்கத்தைப் பிரெஞ்சு அறிஞர் கொந்தோர்சேக்கு அனுப்பி வைத்தார். கேட்ட கேள்விக்கு விடை மட்டும் இல்லை. எவரையும் எந்த வழிபாட்டுக்கும் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற வர்ஜினியச் சட்டத்தைத் தீட்டி, 1786-ல் அது நிறைவேறக் காரணமான அறிவாளர்தான் அவர். மனத்தின் விலங்கை உடைக்க முடிந்தவரால், தம் பண்ணையின் விலங்கை உடைக்க முடியவில்லை.

விண்ணும் மண்ணும்

வாஷிங்டன் நகரத்து நாடாளுமன்றக் கட்டடத்தின் குவிமாடத்திலே, அண்ணாந்து பார்த்தால் ஓர் ஓவியம். 1865-ல் கான்ஸ்டான்டினோ புருமிடி தீட்டியது. வாஷிங்டன் விண்ணுலகில் வீற்றிருக்கிறார், சூழத் தேவதைகள்! மன்னராக மறுத்த மனிதரைத் தேவராக்கிவிட்டனர்!

மன்னரை அகற்ற முதற்குரல் கொடுத்த பெயினுக்கு என்ன செய்தனர்? அவர் ‘பகுத்தறிவுக் காலம்’ என்ற நூலிலே, வேதங்கள் ஆண்டவன் வாக்கு என்பதை மறுத்தார். மத நிறுவனங்கள் மக்களை அடக்க மனிதர் செய்தவை என்றார். அதன் பெரும்பகுதியை எழுதியது பிரான்சிலே, சிறைக்கதவு தட்டப்பட்ட காலத்தில். ஒரே கடவுள் உண்டு என்று அதே நூலில் அவர் எழுதியிருக்கிறார். ஆயினும் நாத்திகன் என்றே தூற்றப்பட்டார். 1802-ல் அமெரிக்கா திரும்பியபோது வரவேற்க ஆளில்லை. 1809 ஜூன் 8-ல் நியூயார்க்கில் இறந்தார். குவேக்கர்கள் தங்கள் இடுகாட்டில் இடம் தர மறுத்தனர். தம் சொந்த நிலத்திலே புதைக்கப்பட்டார். உடன் சென்றவர்கள் சிலரே. பத்தாண்டு கழித்து வில்லியம் காபெட் என்ற ஆங்கிலேயர், தாய்நாட்டில் நினைவுச்சின்னம் எழுப்ப எண்ணி, எலும்புகளைத் தோண்டி இங்கிலாந்துக்கு எடுத்துச் சென்றார். சின்னமும் எழவில்லை, எலும்புகளும் தொலைந்தன.

ஒருவரை விண்ணிலே ஏற்றினர். மற்றவருக்கு மண்ணிலும் இடமில்லை. விண்ணில் ஏற்றப்பட்டவரையும் நாம் இழக்கிறோம். ஏனெனில், தேவரிடம் யாரும் கேள்வி கேட்க முடியாது.

மீண்டு வந்த எழுத்து

அடித்த கோடு வென்றுவிட்டதா? இல்லை! அடிக்காமல் விட்ட எழுத்து வேலை செய்தது. ‘அனைவரும்’ என்ற ஒரு சொல் போதுமானதாக இருந்தது. 1848-ல் செனெக்கா பால்ஸ் என்ற ஊரிலே கூடிய பெண்கள், பிரகடனத்தின் சொற்களை அப்படியே எடுத்து, ஆண்களோடு பெண்களும் நிகர் என்று சேர்த்தெழுதி வெளியிட்டனர். 1852 ஜூலை 5-ல், அடிமையாய்ப் பிறந்து தப்பி வந்த பிரெடரிக் டக்ளஸ், ராச்செஸ்டர் நகர மேடையில் நின்று, உங்கள் விடுதலைத் திருநாள் அடிமைக்கு எப்படித் திருநாளாகும் என்று கேட்டார். பிரகடனத்தை அவர் கிழித்தெறியவில்லை; அதன் கொள்கையைப் பற்றி நில்லுங்கள் என்றே இடித்துரைத்தார். உள்நாட்டுப் போர் மூண்டது. 1865-ல் பதின்மூன்றாம் திருத்தம் அடிமைத்தனத்தை ஒழித்தது. அரசியல் சட்டத்திலே ‘அடிமைத்தனம்’ என்ற சொல் முதன்முதலாக நுழைந்தது, அது ஒழிக்கப்பட்ட அன்றுதான்! பத்தி நீக்கப்பட்டு 89 ஆண்டுகள்! பெண்கள் வாக்குரிமைக்கு 1920 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்த அலை நம் துணைக்கண்டத்தையும் தொட்டது. இளமையில் பெயினின் ‘மனிதனின் உரிமைகள்’ நூலைப் படித்த மராட்டியச் சீர்திருத்தக்காரர் ஜோதிராவ் புலே, 1873-ல் ‘குலாம்கிரி’ — அடிமைத்தனம் — என்ற நூலை வெளியிட்டார். அதைக் காணிக்கையாக்கியது யாருக்கு? அடிமைத்தனத்தை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்கு! மரத்தின் கதை பள்ளிப் பிள்ளைகளுக்கு வந்து சேர்ந்தது. ஏட்டின் பொருள் போராடுவோருக்கு வந்து சேர்ந்தது.

ஆகவே இளைஞர்களே, எந்த நாட்டு வரலாற்றைக் கையில் எடுத்தாலும், எந்தத் தலைவர் வரலாற்றைப் படித்தாலும், மூன்று வினாக்களைக் கேளுங்கள். இதை எழுதியவர் யார்? எப்போது எழுதினார்? எழுதியதில் எது அடிக்கப்பட்டது? தலைவர்களைப் போற்றுங்கள்; போற்றுமுன் அவர்களின் மடல்களைப் படியுங்கள். படித்தபின்னும் நிற்கும் மதிப்பே மதிப்பு. இது வாஷிங்டனுக்கு மட்டும் உரிய அளவுகோலன்று. நாம் நெஞ்சார மதிக்கும் தலைவர் எவருக்கும் இதே அளவுகோல்தான்.

மறுநாள் வகுப்புக்குச் சென்றோம். “நேற்று சொன்ன கதைக்குச் சான்று இல்லை. சான்று தேடாமல் சொன்னது நம் தவறு” என்று அத்தனை மாணவர்கள் முன்பும் ஒப்புக்கொண்டோம். பின்வரிசை மாணவன் எழுந்து நின்றான். “அப்படியானால், நேற்றைய பாடம் தவறா, ஐயா?” என்றான்.

“இல்லை; பாடம் இப்போதுதான் முடிந்தது” என்றோம்.